தீ அணைந்த பிறகு

வீடு ஒன்றில் தீப்பிடித்தால் மறுநாள் செய்தித்தாளில் அது சில வரிகளில் முடிந்துவிடும். எந்தப் புளோக், எந்த மாடி, எத்தனை பேர் வெளியேற்றப்பட்டனர் என்று படித்துவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த வீட்டில் வசித்தவர்களுக்கோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இன்றிரவு எங்கே தூங்குவது, நாளைக்குப் பள்ளிக்கு எதை உடுத்திச் செல்வது, கருகிய சாமான்களை அப்புறப்படுத்தலாமா, இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பார் என்ற கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிங்கப்பூரில் ஏழாம் மாடியில் ஒரு நான்கறை வீவக வீடு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன் என ஆறு பேர். ஒரு மாலையில் பாட்டி வடை சுட எண்ணெய்ச்சட்டியை அடுப்பில் வைக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எண்ணெய் தீப்பற்றி, மேலே இருந்த அலமாரிக்குப் பரவிவிடுகிறது. சிங்கப்பூரில் வீட்டுத் தீச்சம்பவங்களின் முதன்மையான காரணங்களில், கவனிக்காமல் விடப்பட்ட அடுப்பும் மின்சாரக் கோளாறும் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. ஆகவே இந்தப் பாட்டி அசாதாரணமாக எதையும் செய்துவிடவில்லை. நம் வீட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

மகள் பாட்டியைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, 995 என்ற எண்ணை அழைக்கிறாள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊற்றியிருந்தால் தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் சிதறடித்திருக்கும். குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து தீயை அணைக்கிறார்கள். எல்லாரும் உயிருடன் இருக்கிறார்கள். சமையலறை எரிந்துவிட்டது. வரவேற்பறையும் படுக்கையறைகளும் எரியவில்லை. ஆனால் எங்கும் கரும்புகை படிந்திருக்கிறது. இனி இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் இரவு

முதலில் கவனிக்க வேண்டியது உடல்நலம். தீயில் வெந்தவர்களைவிடப் புகையைச் சுவாசித்தவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இருமல், தலைவலி, தொண்டை எரிச்சல், தலைசுற்றல் ஆகியவை சற்று நேரம் கழித்தும் தோன்றலாம். முதியவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆகவே அவசர மருத்துவ உதவியாளர் பரிசோதனைக்கு அழைத்தால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று மறுக்காமல் போவதே நல்லது. பாட்டிகளும் தாத்தாக்களும்தான் பெரும்பாலும் மறுப்பவர்கள்; பேரப்பிள்ளைகள் வற்புறுத்தினால் இணங்கிவிடுவார்கள்.

அடுத்தது தங்குமிடம். உறவினர் வீட்டுக்குப் போக முடிந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. போக்கிடம் இல்லாதவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தையும் வட்டார அடித்தளத் தலைவர்களையும் நாடலாம். தீ விபத்து நடந்த புளோக்குகளுக்கு நகர மன்ற ஊழியர்களும் அடித்தளத் தொண்டர்களும் அன்றே வந்துவிடுவது இங்கே வழக்கம்.

தீ அணைந்துவிட்டது என்பதால் வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று பொருளில்லை. வெப்பத்தில் கூரையின் பூச்சு தளர்ந்திருக்கலாம்; சன்னல் கண்ணாடி விரிசல் விட்டிருக்கலாம்; சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் உறை உருகியிருக்கலாம். அதிகாரிகள் அனுமதிக்கும்வரை உள்ளே போகக்கூடாது. அனுமதி கிடைத்த பிறகும், உரிமம் பெற்ற மின் பணியாளர் சோதிக்காமல் மின் விசையைத் தட்டக்கூடாது. விளக்கு எரிகிறதா என்று 'சும்மா தட்டிப் பார்ப்பது' இரண்டாம் தீயைக் கொண்டுவரும்.

சமையலறையில் மிஞ்சிய உணவு, அது மூடிய டப்பாவில் இருந்தாலும், வெப்பமும் புகையும் பட்டிருந்தால் உண்ணத் தகாதது. மருந்துகளும் அப்படித்தான். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் அலமாரியில் கெடாமல் இருப்பதுபோல் தெரியும். ஆனால் வெப்பத்தில் அவற்றின் வீரியம் குறைந்திருக்கலாம். மறுநாள் காலையில் பலதுறை மருந்தகத்திற்குச் சென்று புதிய மாத்திரைகளை வாங்கிக்கொள்வதே முறை. வீடு எரிந்த பரபரப்பில் அன்றாட மருந்தை மறந்து, அதனால் மருத்துவமனைக்குப் போக நேர்வது கொடுமை.

இரண்டு காப்புறுதிகள்

இனி பணத்திற்கு வருவோம். இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பெரியவர்களே குழம்பும் இடம் இதுதான்.

'எங்களிடம் தீக் காப்புறுதி இருக்கிறது' என்று அப்பா சொல்கிறார். உண்மைதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் வீட்டுக்கடன் வாங்கியவர்கள், கடன் தீரும்வரை கழகத்தின் தீக் காப்புறுதித் திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதற்கான சந்தா ஐந்தாண்டுகளுக்குமே பத்து வெள்ளிக்கும் குறைவு. ஒரு வேளை உணவங்காடிச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் ஐந்தாண்டுப் பாதுகாப்பு! ஆனால் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஒன்று எதையெல்லாம் ஈடுகட்டும் என்று கேட்க வேண்டும் அல்லவா?

அந்தத் திட்டம் ஈடுகட்டுவது, கழகம் கட்டிக் கொடுத்த வீட்டை. வீட்டின் உட்புறக் கட்டமைப்பு, கழகம் பொருத்திக் கொடுத்த பொருத்துபொருள்கள் ஆகியவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்கும். வீட்டுக்காரர் பிறகு செய்த புதுப்பிப்பு வேலைகள் அடங்கா. ஆகவே எரிந்துபோன சமையலறை அலமாரிகள் அடங்கா. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், சோஃபா, மடிக்கணினி, துணிமணி, புத்தகங்கள் எதுவும் அடங்கா. இவற்றுக்கெல்லாம் வேண்டியது வேறொரு காப்புறுதி. அதை வீட்டு உடைமைக் காப்புறுதி என்று சொல்லலாம். அதை வாங்குவது வீட்டுக்காரரின் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் பலர் வாங்குவதில்லை.

ஒரு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். கீழே விழுபவை உடைமைகள். விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை கட்டடமும் பொருத்துபொருள்களும். இந்த உவமை முழுக்கச் சரியானதன்று, ஏனென்றால் வீட்டுக்காரர் பொருத்திய அலமாரியும் விழாது. ஆனாலும் வேறுபாட்டை நினைவில் வைக்க இது உதவும்.

இந்த வேறுபாடு புதிதுமன்று. 1666ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. அதன் பிறகு, 1680களின் தொடக்கத்தில், மருத்துவம் படித்துக் கட்டட வணிகரான நிக்கலஸ் பார்போன் என்பவர் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கும் அலுவலகத்தைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு வாங்கிய சந்தாவைப்போல் இரு மடங்கை மரவீட்டுக்கு வாங்கினார். ஏனென்றால் மரவீடு எளிதில் எரியும். அவர் காப்புறுதி தந்தது வீடுகளுக்குத்தான், உள்ளே இருந்த பொருள்களுக்கன்று. பொருள்களுக்கும் காப்புறுதி என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது.

சிங்கப்பூர் வரலாற்றிலும் ஒரு பெருந்தீ உண்டு. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீயில் நெருக்கமாக அமைந்திருந்த கம்பத்து வீடுகளில் தீ பரவியது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் துத்தநாகக் கூரையுமாக இருந்த அந்த வீடுகளில் வசித்தவர்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பள்ளிகள் அவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடங்களாயின. நிவாரண நிதிக்கு மக்கள் நன்கொடை அளித்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த அந்த நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் இருந்தால், அந்தத் தீயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வானத்தில் எழுந்த புகையைப் பார்த்தவர்களாக இருக்கலாம்.

நன்கொடை மனிதநேயத்தின் வெளிப்பாடு. ஆனால் அது எவ்வளவு வரும், எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. காப்புறுதியும் ஒரு வகையில் பலர் சேர்ந்து சிலரின் இழப்பைத் தாங்குவதுதான். ஆயிரக்கணக்கானோர் சிறுசிறு தொகை செலுத்துகிறார்கள். அவர்களில் வீடு எரிந்த சிலருக்கு அந்தத் தொகுப்பிலிருந்து பணம் போகிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கே யாருக்கு எவ்வளவு என்பது முன்பே எழுதப்பட்ட ஒப்பந்தம். அதைக் கேட்பது உரிமை; கெஞ்சல் அன்று.

நம் கற்பனைக் குடும்பத்தில் இன்னொரு திருப்பத்தையும் வைத்துப் பார்க்கலாம். வீடு தாத்தாவின் பெயரில் இருந்து, கடன் முழுவதையும் அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்திருந்தால்? கடன் இல்லாதவருக்குத் தீக் காப்புறுதி கட்டாயமில்லை. புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்தை, 'கடன்தான் முடிந்துவிட்டதே' என்று அவர் ஒதுக்கி வைத்திருக்கலாம். அப்படியானால் கட்டடத்துக்கும் காப்புறுதி இல்லை. கடன் முடிந்த வீடு முழுவதும் நமக்குச் சொந்தம். அதனாலேயே அதில் ஏற்படும் இழப்பும் முழுவதும் நம்முடையது. மத்திய சேமநிதியின் இல்லப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அது வேறு. வீட்டுக்கடன் கட்டுபவர் இறந்தாலோ நிரந்தரமாக உடற்குறையுற்றாலோ மிச்சக் கடனை அடைப்பதற்கானது அது. தீக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் வாங்கிய காப்புறுதி, உரிமையாளருக்கு உரியவற்றைத்தான் காக்கும். குடியிருப்பவரின் துணிமணிகளும் கணினியும் அதில் சேரா.

பட்டியல் என்னும் பெரும்பணி

நம் குடும்பம் வீட்டு உடைமைக் காப்புறுதியும் வாங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையிலேயே அப்பா காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தாமதமாகச் சொல்வது கோரிக்கைக்கே ஊறு விளைவிக்கலாம். எத்தனை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். பத்திரம் எரிந்துவிட்டதா? கவலை வேண்டாம். நிறுவனத்திடம் அதன் பதிவு இருக்கும்.

அதே காலையில் உதவிக்கு வரும் உறவினர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம் பெருஞ்சிக்கலை உண்டாக்கும். துடைப்பத்தோடு வந்து, எரிந்ததையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வீடு பளிச்சென்று ஆகிவிடும், சான்றும் போய்விடும். நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை, அல்லது நிறுவனம் சரி என்று சொல்லும்வரை, எரிந்த பொருள்களை அப்புறப்படுத்தக்கூடாது. அழுகி நாறும் உணவைப்போல் வைத்திருக்கவே முடியாதவற்றைப் படம் எடுத்துவிட்டு வீசலாம். அதே வேளையில், சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் காப்புறுதி பெற்றவரின் கடமை. உடைந்த சன்னல் வழியாக மழை அடித்தால், 'நிறுவனம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடாமல் ஒரு தார்ப்பாயையாவது கட்ட வேண்டும். தார்ப்பாய் வாங்கிய இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பிறகு பட்டியல். எரிந்த ஒவ்வொரு பொருளும் என்ன, எந்த வகை, எப்போது வாங்கியது, என்ன விலை என்று எழுத வேண்டும். எளிதாகத் தோன்றுகிறதா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் சமையலறையில் உள்ள பொருள்கள் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் திணறிவிடுவீர்கள். அரைக்கும் இயந்திரம் நினைவுக்கு வரும். அதன் மூன்று சாடிகள் வரா. தீயின் அதிர்ச்சியில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம். பாட்டி எழுதச் சொல்லுவது, அவர் தம் திருமணத்தின்போது கொண்டு வந்த பித்தளைக் குடத்தைத்தான். அதற்கு விலையும் தெரியாது, இரசீதும் கிடையாது. கருகிப்போன நல்ல சோற்றுப் பானை அவர் நினைவுக்கே வராது.

ஆகவே ஒவ்வோர் அறையாகப் போவதே முறை. கதவுக்கு இடப்புறம் தொடங்கிச் சுவரோரமாகச் சுற்றி வர வேண்டும். ஒவ்வோர் அலமாரியின் ஒவ்வொரு தட்டையும் மனக்கண்ணில் திறக்க வேண்டும். இரசீது இல்லாதவற்றுக்கு வேறு சான்று தேடலாம். கடன் அட்டைக் கணக்கறிக்கை, இணையத்தில் வாங்கியதற்கான மின்னஞ்சல், உத்தரவாத அட்டை ஆகியவை உதவும். இங்கேதான் மகளின் கைத்தொலைபேசி பயன்படுகிறது. தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படங்களில் எல்லாரும் புத்தாடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையலறையின் பாதி தெரிகிறது. குளிர்பதனப் பெட்டி தெரிகிறது. தம்பியின் பிறந்தநாள் காணொளியில் அடுப்பும் அதன்மேல் இருந்த புகைபோக்கியும் தெரிகின்றன. நம் படங்களில் நாம் ஒருபோதும் பார்க்காத பகுதி, நமக்குப் பின்னால் இருப்பதுதான்.

இவற்றோடு, குடிமைத் தற்காப்புப் படையிடம் விண்ணப்பித்துத் தீச்சம்பவ அறிக்கையையும் பெறலாம். எரிந்துபோன அடையாள அட்டை, கடப்பிதழ் ஆகியவற்றுக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பாதி கருகிய பண நோட்டுகளை வீசிவிடக்கூடாது. எவ்வளவு பகுதி மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து அவற்றுக்கு மதிப்பு கிடைக்கலாம் என்பதால், வங்கியில் காட்டிக் கேட்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத பொருளைச் சேர்க்கும் ஆசை சிலருக்கு வரலாம். 'இவ்வளவு காலம் சந்தா கட்டினோமே, ஒரு தொலைக்காட்சியைச் சேர்த்து எழுதினால் என்ன?' என்று யாராவது யோசனை சொல்லவும் கூடும். காப்புறுதி முழுக்க முழுக்க நேர்மையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். ஒரு பொய் தெரிந்தால், உண்மையான மற்ற கோரிக்கைகளும் மறுக்கப்படலாம். ஏமாற்றிப் பணம் பெற முயல்வது குற்றமுமாகும். மதிப்பீட்டாளர் எரிந்த வீடுகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். தொலைக்காட்சி எரிந்தால் சாம்பலில் என்ன மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

கோரிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

எட்டு ஆண்டு பழைய குளிர்பதனப் பெட்டி எரிந்தது என்றால், புதியதன் விலை கிடைக்குமா, அல்லது தேய்மானம் கழித்த விலையா? சில திட்டங்கள் பழையதற்குப் புதியதைத் தருகின்றன. மற்றவை பயன்படுத்திய காலத்துக்கு ஏற்ப மதிப்பைக் குறைத்துத் தருகின்றன. இரண்டாவதாக, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு சிறு தொகையைக் காப்புறுதி பெற்றவரே ஏற்க வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். தங்க நகை போன்றவற்றுக்குத் தனி உச்ச வரம்பும் இருக்கலாம். தமிழர் வீடுகளில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் பலரைத் திகைக்க வைப்பது. நம் குடும்பத்தின் உடைமைகளின் மொத்த மதிப்பு 60,000 வெள்ளி. சந்தாவைக் குறைக்க, அப்பா 30,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி எடுத்திருந்தார். தீயில் 20,000 வெள்ளி மதிப்புள்ள பொருள்கள் எரிந்தன. முப்பதாயிரத்துக்குள்தானே இழப்பு, முழுத்தொகையும் கிடைத்துவிடும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் அவருடைய பத்திரத்தில் விகித விதி என ஒன்று இருந்தால், நிறுவனம் இப்படிக் கணக்கிடும்: உடைமைகளின் பாதி மதிப்புக்குத்தான் காப்புறுதி எடுக்கப்பட்டது, ஆகவே இழப்பிலும் பாதிதான் ஈடுகட்டப்படும். கிடைப்பது 10,000 வெள்ளி. அதிலிருந்து தாமே ஏற்க வேண்டிய தொகை 200 வெள்ளி என்றால், கைக்கு வருவது 9,800 வெள்ளி.

இது அநியாயம் என்று தோன்றுகிறதா? நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், பாதிச் சந்தா கட்டியவருக்கும் முழுச்சந்தா கட்டியவருக்கும் ஒரே தொகையைக் கொடுப்பதுதான் அநியாயம். எல்லாத் திட்டங்களிலும் இந்த விதி இருப்பதில்லை. சில திட்டங்கள், குறிப்பிட்ட வரம்புவரை, இந்த விகிதம் பார்க்காமலேயே இழப்பை ஈடுகட்டுகின்றன. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைவிட, பத்திரத்தின் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

நல்ல திட்டங்களில் வேறு சில பயன்களும் உண்டு. வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், மாற்று இடத்துக்கான வாடகையைக் குறிப்பிட்ட வரம்புவரை தருவது அவற்றுள் ஒன்று. மற்றொன்று பிறருக்கு ஏற்பட்ட இழப்புக்கான பொறுப்பு. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் ஆறாம் மாடி வீட்டின் கூரை வழியே கசிந்து, அவர்களுடைய மெத்தையை நனைத்துவிட்டது. அந்த வீட்டார் தம் சொந்தக் காப்புறுதியில் கேட்கலாம். மேல்வீட்டாரின் கவனக்குறைவே காரணம் என்று அவர்கள்மீது கோரவும் கூடும். அப்படிக் கோரினால் நம் குடும்பம் தாமாக எதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடாமல், கடிதத்தைத் தம் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். மின்தூக்கியில் தினமும் பார்க்கும் அண்டைவீட்டாரிடம் வருத்தம் தெரிவிப்பது ஒன்று. பொறுப்பை எழுத்தில் ஏற்பது வேறொன்று. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம்.

நிறுவனத்தின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்துமூலம் காரணம் கேட்க வேண்டும். அதிலும் தீர்வு கிட்டாவிட்டால், 'ஃபிட்ரெக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். 2005ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வரும் இந்நிலையம், வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையே முதலில் சமரசம் செய்து பார்க்கும். சமரசம் பலிக்காவிட்டால் தீர்ப்பு வழங்கும். நீதிமன்றம் போவதைவிட இது செலவு குறைந்த வழி.

கரியைத் துடைத்தல்

இழப்பீடு வரும்வரை வீடு அப்படியே கிடக்க முடியாது. நிறுவனம் அனுமதித்ததும் துப்புரவு தொடங்கும். சுவரில் படிந்திருப்பது வெறும் கரி என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்தால், எண்ணெய்ப் பசையுள்ள அந்தக் கரி சுவருக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். முதலில் உலர்ந்த முறையில் அகற்ற வேண்டும். பிறகுதான் சவர்க்கார நீர். மின்கம்பி உறைகளிலும் குழாய்களிலும் உள்ள பிவிசி நெகிழி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகும். எரியாத படுக்கையறையில் இருந்த மடிக்கணினி இரண்டு வாரம் நன்றாக வேலை செய்துவிட்டுப் பிறகு நின்றுபோவது இதனால்தான். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'எரியவில்லையே' என்று விட்டுவிடக்கூடாது. சாம்பலைத் தொடுபவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிவது அவசியம்.

நனைந்த ஆவணங்களையும் படங்களையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டின் வெப்பத்தில் ஈரத்தாளில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். எல்லாவற்றையும் உடனே உலர்த்த முடியாவிட்டால், நெகிழிப் பைகளில் தனித்தனியாக இட்டு, உறைபெட்டியில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. நேரம் கிடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கையாளும் முறைதான் இது. உறவினர் வீட்டு உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் தாத்தா பாட்டியின் திருமணப் படம் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். இருக்கட்டும்.

பொருள்கள் ஒருபுறம் இருக்க, பாட்டி அன்றிலிருந்து அடுப்படிக்குப் போகவே தயங்குகிறார். 'என்னால்தானே' என்று ஒரு நாளைக்குப் பத்துமுறை சொல்கிறார். தம்பிக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். இத்தகைய பயம் சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேச வேண்டும். மகளும் தன் வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது. சீருடை, பாடநூல்கள், ஒப்படைக்க வேண்டிய பயிற்சிகள் என ஒவ்வொன்றுக்கும் பள்ளியில் வழி உண்டு. சொன்னால்தான் அது திறக்கும்.

2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல், சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட வேண்டும் என்பது விதி. நம் குடும்பத்தின் வீடு அதற்கு முன்பே கட்டப்பட்டது; அதில் கருவி இல்லை. சமையலறையை மீண்டும் அமைக்கும் குத்தகைக்காரர் விலைப்பட்டியலைக் கொண்டு வருகிறார். அலமாரி, குழாய், சுவர் ஓடு, மின்கம்பி என்று வரிசையாக இருக்கிறது. பாட்டி பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கிறார். பேத்தியிடம் பேனாவைக் கொடுத்து, கடைசியில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்கிறார். ஒன்று, வரவேற்பறைக் கூரைக்கு எச்சரிக்கைக் கருவி. மற்றொன்று, சமையலறைச் சுவரில், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தீயணைப்பான்.